வாடகைக் கார் வெளிநாட்டில் மக்கர் செய்தால், இடி வாங்கினால்

வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த கார் நடுவழியில் நின்றுவிட்டால் நம் கை முதலில் பானெட்டைத் திறக்கத்தான் போகும். சொந்த வண்டியில் அது சரி. வாடகை வண்டியில் ரிப்பேர் நம் வேலையே கிடையாது, தொட்டால்தான் வம்பு. ஆட்களைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்திவிட்டு, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்வதை மட்டும் செய்து, நடப்பதையெல்லாம் படமாகவும் காகிதமாகவும் சேர்த்துவைத்தால் போதும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் லாரிகள் சீறிக்கொண்டு போக, பின் சீட்டில் குழந்தைகள் அழ, ஃபோனில் சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் ஞாபகத்துக்கு வராது. அதனால்தான் எனக்கு நேர்ந்ததை வைத்துக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போகும் ஏ8 நெடுஞ்சாலை. அக்கா குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. எந்த நாட்டு வண்டியிலும் இந்த நிறக் கணக்கு ஒன்றுதான்: மஞ்சள் விளக்கு என்றால் மெதுவாக ஓட்டி அடுத்த வெளிவழியில் இறங்கி விசாரிக்கலாம், சிவப்பு என்றால் பாதுகாப்பாக ஓரங்கட்ட முடிந்த முதல் இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ சிவப்பாக எரிந்த பிறகும் ஓட்டினால் எஞ்சின் போய்விடும். அது ஓட்டுநரின் அலட்சியம் என்று எழுதி, காப்பீடு செல்லாது என்று சொல்லி முழுத் தொகையையும் நம் தலையில் கட்டிவிட வாடகைக் கம்பெனிக்கு வழி உண்டு.

ஓரப் பாதையில் நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரும் போட்டு, சாலைப் பக்கக் கதவை ஒருவரும் திறக்காமல் எல்லோரும் வலது பக்கமாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் வண்டியின் மேல் பின்னால் வருகிற லாரி ஏறினால் உள்ளே இருப்பவர்கள் தப்புவது கடினம். குளிரோ மழையோ, தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வண்டியோடு தரும் ஒளிரும் மேலாடை டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தால் பிரயோஜனம் இல்லை. இறங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டியது அது, பிரான்சில் சட்டமே அப்படித்தான். வண்டி எடுத்த அன்றே அதைக் கதவுப் பையிலோ சீட்டுக்கு அடியிலோ மாற்றி வைத்துவிடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் கவுன்டரிலேயே இன்னும் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

வண்டி நிற்கிறது என்று பின்னால் வருகிறவர்களை எச்சரிக்கும் முக்கோணப் பலகை விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறும். ஜெர்மனியில் வேகமான சாலையில் வண்டிக்கு 100 மீட்டருக்கும் மேல் பின்னால் வைக்க வேண்டும், அதுவும் தடுப்புக்குப் பின்னாலேயே நடந்து போய். பிரிட்டனில் மோட்டார்வேயில் அதை வைக்கவே கூடாது என்கிறது அவர்களுடைய சாலை விதி, அதை வைக்கப் போகிறவர்தான் அடிபடுகிறார் என்பதால். ஸ்பெயினில் 2026 ஜனவரி 1 முதல் அந்நாட்டு வண்டிகளில் முக்கோணத்துக்குப் பதில் கூரைமேல் ஒட்டவைக்கும் மினுக்கு விளக்கு வந்துவிட்டது, வி-16 என்று பெயர். வண்டியை விட்டு இறங்காமல் கண்ணாடி வழியே கையை நீட்டி வைத்துவிடலாம். அங்கே வண்டி எடுத்தால் க்ளவ் பாக்ஸில் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எங்கள் அத்தானுக்கு எஞ்சின் பற்றி நன்றாகத் தெரியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று பானெட்டுக்குப் போய்விட்டார். "அத்தான், தொடாதீங்க, ஃபோன் போட்டுக் கேட்டுடுவோம்" என்றேன். சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) அழுத்தத்தோடு பீய்ச்சி அடித்தால் முகம் வெந்துவிடும் என்பது ஒரு பக்கம். நாம் தண்ணீர் ஊற்றிய பிறகு எஞ்சினில் எது கோளாறானாலும் "நீங்கள் கை வைத்ததால்தான்" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும் என்பது இன்னொரு பக்கம். அவருடைய அனுபவம் வேறு வகையில் கை கொடுத்தது. வலது சக்கரத்துக்கு அருகே இனிப்பான ஒரு வாடை வருகிறது, அடியில் பச்சை நிறத் திரவம் சொட்டிக் குட்டையாகத் தேங்குகிறது, எஞ்சின் நிற்கும்வரை ஃபேன் சுற்றவில்லை என்று பார்த்ததை மட்டும் சொன்னார். அதை அப்படியே ஃபோனில் சொன்னேன். "பார்த்துச் சரிசெய்ய ஆளை அனுப்பட்டுமா" என்று தொடங்கிய கம்பெனி உதவி மையப் பெண், கூலன்ட் ஒழுகுகிறது என்றதும் நேராக இழுவை வண்டியையே அனுப்பிவிட்டார். பாதி நேரம் மிச்சம்.

எங்கே நிற்கிறோம் என்று சொல்வதுதான் பெரிய பாடு. கூகுள் மேப்பில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அனுப்பலாம். ஆனால் உதவி மையங்கள் உடனே கேட்பது சாலை எண், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், ஓரத்துப் பலகையில் உள்ள கிலோமீட்டர் எண். நடுவே தடுப்புள்ள சாலையில் பக்கத்தைத் தப்பாகச் சொன்னால் வருகிறவர் எதிர்ப் பக்கம் போய், அடுத்த வெளிவழி வரை ஓட்டித் திரும்பி வர வேண்டியிருக்கும். ஜெர்மனியில் சாலையோரக் குட்டைக் கம்பங்களில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும், மிக அருகிலுள்ள அவசரத் தொலைபேசி எந்தப் பக்கம் என்று அது காட்டும். ஃபோனில் சிக்னல் இல்லையென்றால் அதுதான் வழி. அந்தத் தொலைபேசியில் பேசினால் நாம் நிற்கும் இடம் அவர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

பிரான்சில் இன்னொன்று. அங்கே நெடுஞ்சாலைக்குள் வாடகைக் கம்பெனி அனுப்பும் இழுவை வண்டி வர முடியாது, அந்தச் சாலைக்கென்று அனுமதி பெற்றவர்கள் மட்டுமே வரலாம். ஆரஞ்சு நிறத் தொலைபேசியிலோ 112-லோ கூப்பிட்டால் அவர்களே வந்து வண்டியை வெளியே எடுத்துப் போவார்கள். அவர்கள் தரும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பிறகு கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றுக்கும் அவசர எண் 112. அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. இவை உயிர் ஆபத்துக்கும் விபத்துக்கும்தான், வண்டி கிளம்பவில்லை என்பதற்கு அல்ல. ஐரோப்பாவில் 2018 மார்ச் 31-க்குப் பிறகு புதிதாக அங்கீகரிக்கப்பட்ட கார் மாடல்களில் கூரையில் எஸ்ஓஎஸ் பொத்தான் உண்டு. ஏர்பேக் வெடித்தால் அது தானாகவே 112-ஐக் கூப்பிட்டு இடத்தையும் சொல்லிவிடும். சில வண்டிகளில் பக்கத்திலேயே ஸ்பேனர் படம் போட்ட இன்னொரு பொத்தான் இருக்கும், ரிப்பேர் உதவிக்கு அது.

கம்பெனியின் உதவி எண் விஷயத்தில் ஒரு சிக்கல். ஒப்பந்தத்தில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் அந்த நாட்டுக்குள் மட்டும் இலவசமாகப் போகும் எண். வெளிநாட்டு சிம்மிலிருந்து அது போகாது. கவுன்டரில் சாவி வாங்கும்போதே நாட்டுக் குறியீட்டோடு, வெளிநாட்டு எண்ணிலிருந்தும் போகிற எண்ணைக் கேட்டு, ஃபோனில் சேமித்து, ஒரு தடவை அடித்தும் பார்த்துவிடுவது என் வழக்கம். கியூவில் பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.

இழுவை வண்டி வருகிறது என்றதும் நிம்மதியாக இருக்கும், ஆனால் பாதி வேலை அப்போதுதான் இருக்கிறது. எத்தனை பேர் இருக்கிறோம் என்று ஃபோனிலேயே சொல்லிவிட வேண்டும், அந்த வண்டியின் கேபினில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம் இருக்கும், மீதிப் பேருக்கு டாக்ஸி அவர்களே அனுப்ப வேண்டும். அப்படி இல்லாமல் நாமாக டாக்ஸி பிடித்தால் "நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை" என்பார்கள். அதனால் பேசியவர் பெயர், நேரம், புகார் எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, "டாக்ஸிக்குச் சம்மதம்" என்பதைக் குறுஞ்செய்தியிலாவது வாங்கிவிடுங்கள். வண்டியை ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும், ஓடிய கிலோமீட்டரும், எரிபொருள் முள்ளும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். பாஸ்போர்ட், மருந்து, குழந்தை சீட் எல்லாம் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். வண்டியை எங்கே கொண்டுபோனார் என்பதற்கு ஓட்டுநரிடம் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிவிட வேண்டும். ஏற்றிய பிறகு வண்டியில் விழும் கீறல் நம்முடையது அல்ல என்று காட்ட இந்தப் படங்களும் சீட்டும்தான் சாட்சி.

மாற்று வண்டி கொடுத்தால் அது ஒரு புது வண்டி என்றே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். படம், எரிபொருள் அளவு, ஒப்பந்தத்தில் புது வண்டி எண். எங்களுக்கு மாற்றிக் கொடுத்த காரின் தாளில் ஆஸ்திரியாவுக்குள் போக அனுமதி எழுதாமலே விட்டிருந்தார்கள், பழைய தாளில் இருந்தது. அக்காதான் தாளை வரி வரியாகப் படித்துக் கண்டுபிடித்தாள். அது இல்லாமல் எல்லை தாண்டியிருந்தால் அந்தப் பக்கம் உதவியும் கிடையாது, காப்பீடும் கேள்விக்குறிதான்.

டயர் வேறு கதை. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஏரிக்கரைக்குப் போகும் ஒரு சரளைச் சாலையில் கூரான கல் ஒன்று டயரின் பக்கவாட்டைக் கீறிவிட்டது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. இப்போதெல்லாம் நிறையக் கார்களில் ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு சின்னக் காற்று பம்பும், ஒட்டும் திரவம் நிறைந்த ஒரு பாட்டிலும்தான் இருக்கிறது. தரையைத் தொடும் பகுதியில் ஆணி குத்திய சின்ன ஓட்டைக்கு அது நன்றாக வேலை செய்யும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரலாம். பக்கவாட்டுக் கீறலுக்கு உதவவே உதவாது. வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கீறல் வழியாகவே வெளியே வரும், டயரும் பாழ், பாட்டிலும் பாழ். அதனால் எங்கே ஓட்டை என்று குனிந்து பார்த்த பிறகே பாட்டிலைத் தொடுங்கள். ஸ்டெப்னி இருக்கும் வண்டியிலும், திருட்டைத் தடுக்கச் சக்கரத்துக்கு ஒரு தனி நட் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றும் சின்னச் சாவி வண்டியில் இருக்கிறதா என்று முதல் நாளே தேடி வைப்பது நல்லது. அது இல்லாமல் ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் இருந்தும் புண்ணியமில்லை.

சிக்னல் இல்லாத இடம் அது. வண்டியில் தண்ணீர் பாட்டில்களும் போர்வையும் இருந்ததால் பதற்றமில்லாமல் காத்திருந்து, வந்த பண்ணைக்காரர் ஒருவரின் வண்டியில் ஒருவர் மட்டும் போய், சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து கம்பெனியிடம் பேசினோம். எந்த டயர் போடுவது, எந்தக் கடையில் போடுவது என்பதை அவர்களிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே மாற்றினோம். நாமே நல்லெண்ணத்தில் ஒரு டயர் வாங்கிப் போட்டுவிட்டு ரசீதை நீட்டினால் பணம் தர மாட்டார்கள், சமயத்தில் "தப்பான டயர்" என்று இன்னொன்றுக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள்.

சாலையைப் பொறுத்தும் காப்பீடு மாறும் என்பதை அங்கேதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். குயீன்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் கேன்யன் சாலையில் வாடகைக் கார் காப்பீடு பொதுவாகச் செல்லாது. வடக்கே நைன்டி மைல் கடற்கரை மணலும் அப்படித்தான். ஐஸ்லாந்தில் எஃப் என்று தொடங்கும் மலைச் சாலைகளில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் (4x4) வண்டி மட்டும்தான் போகலாம், அந்த வண்டியிலேயே போனாலும் ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் முழுச் செலவும் நமக்கு. காற்று அடித்துக் கதவு பின்பக்கமாக மடங்கிப் போவது அங்கே சாதாரணம், அதையும் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. கதவைத் திறக்கும்போது ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எச்சரிப்பது அதனால்தான்.

எரிபொருளை மாற்றிப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. பிரிட்டனில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், அமெரிக்காவில் பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசல், ஆகவே நிறத்தை நம்பக் கூடாது. ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலிருந்து பம்பில் வட்டத்துக்குள் இ5, இ10 என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்று இருந்தால் டீசல், புதிய கார்களில் டேங்க் மூடியின் உட்புறத்திலும் அதே குறி இருக்கும். மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிட்டால் டேங்க்கைக் காலி செய்யும் செலவோடு போய்விடும், எஞ்சினை இயக்கிவிட்டால் பெரும் செலவு.

இனி இடித்துக்கொண்டால். இத்தாலியில், வடக்கே, ஒரு சந்திப்பில் வழிவிட நின்றபோது பின்னால் வந்தவர் மெதுவாக இடித்துவிட்டார். இறங்கியதும் வாய் தானாக "சாரி" என்று சொல்லப் பார்க்கும். சொல்லாதீர்கள். "அடிபட்டதா, எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா" என்று கேளுங்கள், அதற்கு மேல் யார் தப்பு என்ற பேச்சே வேண்டாம். தவற்றை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று வாடகை ஒப்பந்தங்களிலேயே பொதுவாக எழுதியிருக்கும். வண்டிகளை நகர்த்துவதற்கு முன் சாலைக் கோடு, வழிப்பலகை, இரண்டு வண்டியின் எண், மோதிய இடம் எல்லாம் ஒரே சட்டகத்தில் வருகிற மாதிரி தூரத்திலிருந்து நாலைந்து படம், அப்புறம் கிட்டே போய் எடுங்கள். கிட்டத்தில் எடுத்த படம் மட்டும் இருந்தால் எங்கே, எப்படி இடித்தது என்று யாருக்கும் புரியாது.

அவர் தன் காரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வந்தார். ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம், கார்பன் தாளோடு இரண்டு பிரதி. மொழி எதுவானாலும் கட்ட எண்களும் அமைப்பும் ஒன்றுதான் என்பதால், நமக்குத் தெரிந்த மொழிப் பிரதியை ஃபோனில் வைத்துக்கொண்டு எண்ணுக்கு எண் ஒப்பிட்டு நிரப்பலாம். இடப்பக்க நீலப் பகுதி ஒரு வண்டிக்கு, வலப்பக்க மஞ்சள் பகுதி மற்ற வண்டிக்கு. வாடகைக்காரர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. 6-ஆம் கட்டத்தில் காப்பீடு எடுத்தவர் பெயர் கேட்கும். அது நாம் அல்ல, கார் கம்பெனி. க்ளவ் பாக்ஸில் உள்ள காப்பீட்டுத் தாளில் இருக்கும் பெயரை அப்படியே எழுத வேண்டும். நம் பெயரும் உரிமமும் வருவது 9-ஆம் கட்டத்தில், ஓட்டுநர் என்ற இடத்தில்.

உயிர்நாடி 12-ஆம் கட்டம். நின்றிருந்தது, திரும்பியது, பின்னால் இடித்தது என்று 17 சூழ்நிலைகள், பொருந்துவதற்கு எதிரே பெருக்கல் குறி போட்டு, மொத்தம் எத்தனை என்று கீழே எண்ணை எழுத வேண்டும். எண்ணை எழுதாமல் விட்டால் பிறகு யாராவது ஒரு குறி கூடுதலாகப் போட்டுவிட முடியும். கீழே படம் வரையும் இடத்தில் அழகு வேண்டாம், அம்புக்குறியும் சாலைப் பெயரும் இருந்தால் போதும். ஒத்துவராத விஷயம் இருந்தால் 14-இல் எழுதுங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டுத் தாளைப் பிரித்துக்கொண்ட பிறகு அதில் ஓர் எழுத்தையும் தனியாக மாற்ற முடியாது. அதனால் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "அப்புறம் பார்த்துக்கலாம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. புரியவில்லையென்றால் போலீசைக் கூப்பிட்டுவிட்டு, எண், உரிமம், காப்பீட்டுத் தாள் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு காத்திருப்பது மேல்.

போலீஸ் எப்போது? யாருக்காவது அடிபட்டால், எதிராளி ஓடிவிட்டால், தாள் எதையும் காட்ட மறுத்தால், குடித்திருக்கிறார் என்று தோன்றினால், நிறுத்தியிருந்த வண்டியை யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தால் தயங்கவே வேண்டாம். ஜப்பானில் சின்னக் கீறலாக இருந்தாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவை வைத்துத்தான் விபத்துச் சான்றிதழ் கிடைக்கும், அது இல்லாமல் வாடகைக் காரின் காப்பீடு ஒரு யென்னும் தராது. இதற்கு மேல், வண்டி பழுதுபார்க்கப்பட்டு ஓடாமல் நிற்கும் காலத்துக்கென்று ஒரு தொகையைத் தனியாக வாங்குவார்கள், சாதாரணக் காப்பீடு எடுத்திருந்தாலும் அது உண்டு. அமெரிக்காவில் பல ஊர்களில் சின்ன மோதலுக்குப் போலீஸ் நேரில் வராது, ஃபோனிலோ இணையத்திலோ பதிந்து அந்த எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பணம் எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவுன்டரில் "முழுக் காப்பீடு இருக்கிறது" என்று சொன்னாலும், ஒரு குறிப்பிட்ட தொகைவரை நம்முடையது, அதற்கு மேல்தான் அவர்களுடையது. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை, சாவி தொலைவது, கிளட்ச் இவையெல்லாம் அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் வராது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டியிருந்தால் மொத்தமும் செல்லாது, "கொஞ்ச தூரம்தானே" என்று மச்சானிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரியும். வெளியில் தனியாக எடுக்கும் காப்பீடு விலை குறைவு, நல்லதும்கூட. ஆனால் அது கார் கம்பெனிக்கு நேரடியாகப் பணம் கட்டாது. முதலில் நம் கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், பிறகு நாம் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். அதனால் கார்டில் அந்தத் தொகைக்கு இடம் வைத்துக்கொண்டே பயணம் போக வேண்டும்.

திரும்ப வாங்க அவர்கள் கேட்பவை: வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, பழுதுக்கான விலைப்பட்டியல், கார்டில் பணம் போனதற்கான சீட்டு, போலீஸ் பதிவு இருந்தால் அதன் நகல். விலைப்பட்டியல் உடனே வராது, வாரங்கள் ஆகும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இத்தாலிச் சம்பவத்தில் தவறு முழுக்க எதிராளியுடையது என்று படிவத்திலேயே தெளிவாக இருந்தும், கம்பெனி என் கார்டில் முதலில் பிடித்துவிட்டது. படிவத்தின் நகலையும் தூரத்திலிருந்து எடுத்த படத்தையும் இணைத்து எழுதினேன். கவனிக்கிறோம் என்று மட்டும் பதில் வந்தது. மறுபடியும் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே, 12-ஆம் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அவருடைய காப்பீட்டு எண்ணையும் எழுதி அனுப்பினேன். ஃபோனில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, எல்லாம் எழுத்தில். சில வாரம் கழித்து முழுத்தொகையும் திரும்ப வந்தது, "நிர்வாகக் கட்டணம்" என்று எடுத்ததும் சேர்த்து. அதையும் தனியாகக் கேட்டு எழுதியிருந்ததால்தான் வந்தது.